பல் பிடுங்கிய பாம்பு
(கிருமியைக் கொல்லாமல் அடக்கும் மருந்துகள்)



முதலில் ஒரு கேள்வி. பத்து வயதிலும் பதினாறு வயதிலும் நமக்கு ஒரு ஊசி போடுகிறார்களே, டி.டி. ஊசி, அது எந்தக் கிருமியைக் கொல்கிறது? பக்கத்தில் நின்று இந்தத் தாளைப் படிப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். "ரண ஜன்னிக் கிருமியை" என்பார். நான் ஆறு பேரிடம் கேட்டேன், ஆறு பேரும் அதையேதான் சொன்னார்கள்.

அந்த ஊசி எந்தக் கிருமியையும் கொல்வதில்லை!

எப்படி என்று பார்ப்போம். கண்மாய்ப் பக்கம் போகும்போது சீமைக்கருவேல முள் காலில் ஆழமாக ஏறிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணிலும் சாணத்திலும் கிடக்கிற ரண ஜன்னிக் கிருமி முள்ளோடு சேர்ந்து உள்ளே போகலாம். காற்று புகாத ஆழமான புண் அதற்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அந்தக் கிருமி புண்ணை விட்டு எங்கேயும் போவதில்லை. அங்கேயே உட்கார்ந்துகொண்டு ஒரு நச்சை மட்டும் தயாரித்து அனுப்புகிறது. அந்த நச்சு நரம்பு வழியாக ஏறித் தண்டுவடத்துக்குப் போகிறது. அப்புறம்தான் தாடை பூட்டிக்கொள்கிறது, உடம்பு வில் மாதிரி வளைகிறது. ஆளைக் கொல்வது கிருமி அல்ல, அது அனுப்பிய நச்சு.

டி.டி. ஊசியில் இருப்பதும் அந்த நச்சேதான். ஃபார்மலின் போட்டு அதன் வீரியத்தை எடுத்துவிட்ட நச்சு. அதைப் பார்த்து நம் உடம்பு பழகிக்கொண்டு எதிர்ப்பொருளைத் தயார் செய்து வைக்கிறது. பிறகு நிஜ நச்சு வந்தால் எதிர்ப்பொருள் அதை வழியிலேயே மடக்கிப் பிடிக்கும். கிருமி புண்ணில் உயிரோடுதான் இருக்கும், ஆனால் கையில் ஆயுதம் இல்லாமல் இருக்கும். ஊசியின் பெயரில் இருக்கிற இன்னொரு எழுத்து தொண்டை அடைப்பான் நோய்க்கு உரியது. அங்கேயும் இதே கதைதான்.

பல் பிடுங்கிய பாம்பு என்று பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். கிருமியைக் கொல்லாமல், அதன் விஷப் பல்லை மட்டும் பிடுங்குகிற மருந்துகள்.

இது ரொம்பப் புதிய யோசனை என்று நினைக்க வேண்டாம். 1890-லேயே ஜெர்மனியில் எமில் வான் பெஹ்ரிங் என்பவரும் ஜப்பானியரான கிட்டசாட்டோவும் இந்த இரண்டு நோய்களின் நச்சையும் இரத்த நீரைக் கொண்டு முறிக்கலாம் என்று காட்டினார்கள். மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு 1901-ல் பெஹ்ரிங்குக்குத்தான் போனது. பின் ஏன் இந்த வழி பின்னால் தள்ளப்பட்டது? பென்சிலின் வந்துவிட்டது. 1928-ல் ஃபிளெமிங் கண்டுபிடித்தார், 1940-களில் மருந்தாகக் கைக்கு வந்தது. "கொன்னா முடிஞ்சு போச்சு, பல்லை எதுக்குப் பிடுங்கணும்?" என்று உலகமே ஆன்டிபயாடிக் பக்கம் திரும்பிவிட்டது. அதற்குத் தமிழில் நாம் வைத்த பெயரைப் பாருங்கள், நுண்ணுயிர்க்கொல்லி. பெயரிலேயே கொலை இருக்கிறது.

ஆன்டிபயாடிக்கைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அது கோடிக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது, இன்றும் காப்பாற்றுகிறது. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. நம்ம ஊர்க்காரர்களுக்கு அது சட்டென்று புரியும்.

வறட்சி வந்தால் என்ன ஆகிறது? மற்ற செடிகொடி எல்லாம் காய்ந்து கருகிவிடும். சீமைக்கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கும். அடுத்து மழை பெய்ததும் காலி இடம் முழுக்க அதன் விதைதான் முளைக்கும். வறட்சி சீமைக்கருவேலத்தை உண்டாக்கவில்லை. போட்டிக்கு இருந்ததை எல்லாம் ஒழித்து அதற்கு இடத்தைக் காலி செய்து கொடுத்தது, அவ்வளவுதான். ஆன்டிபயாடிக் நம் உடம்புக்குள் வரும்போது நடப்பதும் இதுதான். லட்சம் கிருமிகள் சாகும். தற்செயலாக ஒன்றிரண்டு சாகாமல் தப்பிக்கும் குணத்தோடு இருந்தால் அவை மட்டும் நிற்கும், பெருகும். போதாக்குறைக்கு, அந்தக் குணத்தைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடுகிற பழக்கம் பாக்டீரியாக்களுக்கு உண்டு.

சளி பிடித்தால் மெடிக்கலில் போய், "அண்ணே, போன தடவை குடுத்த மாத்திரையில ரெண்டு குடுங்க" என்று கேட்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக் வேலையே செய்யாது. ஆனால் வயிற்றில் சும்மா இருக்கிற நல்ல பாக்டீரியாக்களுக்கு அது ஒரு குட்டி வறட்சி. இப்படி உலகம் முழுவதும் நடந்ததன் பலன், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் 2019-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று 2022-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. 2012-ல் நம் சென்னையிலேயே டாக்டர்கள் கூடி இதற்காக 'சென்னைப் பிரகடனம்' என்று ஒன்றை வெளியிட்டார்கள். கொல்வதை விட்டு வேறு வழி உண்டா என்று ஆராய்ச்சியாளர்கள் மறுபடி தேட ஆரம்பித்தது சும்மா பொழுதுபோகாமல் அல்ல.

இனி நான் சொல்லப் போவது ஒரு இந்தியரின் கதை. நம் பாடப் புத்தகத்தில் ராபர்ட் காக் உண்டு, லூயி பாஸ்டர் உண்டு. இவரை நான் பார்த்ததில்லை. பெயர் சம்பு நாத் டே. 1915-ல் வங்காளத்தில் ஹூக்ளி மாவட்டத்தில் கரிபாட்டி என்ற கிராமத்தில் பிறந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்து, லண்டன் போய் 1949-ல் டாக்டர் பட்டம் வாங்கி, அங்கேயே தங்காமல் கல்கத்தாவுக்கே திரும்பி வந்தவர்.

அவர் எடுத்துக்கொண்ட நோய் காலரா. வாந்திபேதி என்றால் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றும் ஒரு நடுக்கம் இருக்கும். ராபர்ட் காக் அதே கல்கத்தாவுக்கு வந்து, 1884-ல் காலராவுக்குக் காரணம் காற்புள்ளி மாதிரி வளைந்த ஒரு கிருமி என்று உறுதி செய்தார். கிருமி கிடைத்துவிட்டது. ஆனால் அது ஆளை எப்படிக் கொல்கிறது? அது ஏதோ விஷம் கக்குகிறது என்று காக்கே சந்தேகப்பட்டார். அந்த விஷத்தைத் தேடிப் பலரும் முயன்றார்கள். கிருமியையும் அதன் சாற்றையும் மிருகங்களின் தோலுக்கு அடியிலும் இரத்தத்திலும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். காலரா வரவில்லை. இப்படியே 75 வருஷம் ஓடிப்போனது.

டே கேட்ட கேள்வி ரொம்பச் சாதாரணமானது. காலரா நோயாளிக்குக் கோளாறு எங்கே இருக்கிறது? குடலில். கிருமி எங்கே இருக்கிறது? குடலின் உட்பக்கம். அப்படியானால் விஷத்தை இரத்தத்தில் ஏன் தேட வேண்டும்?

அவர் ஒரு முயலை எடுத்து, மயக்க மருந்து கொடுத்து, வயிற்றைத் திறந்தார். சிறுகுடலில் சுமார் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு இரண்டு முனையிலும் நூலால் கட்டினார். சைக்கிள் டியூபில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் கட்டினால் எப்படி இருக்கும், அப்படி. அந்தத் துண்டுக்குள் காலராக் கிருமியை ஊசியால் விட்டார். வயிற்றைத் தைத்துவிட்டு மறுநாள் பார்த்தார். கட்டிய துண்டு மட்டும் தண்ணீர் கோத்து உப்பியிருந்தது. காலரா நோயாளிக்குப் போகுமே, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி, அதே மாதிரி நீர். இந்தச் சோதனையை உடன் ஆராய்ந்த சாட்டர்ஜி என்பவரோடு சேர்ந்து 1953-ல் வெளியிட்டார். முயலை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய கருவி எதுவும் கேட்காத சோதனை இது. கத்தி, நூல், ஊசி, கண். இது போதும்.

அடுத்து வந்ததுதான் முக்கியமான படி. டே கிருமியைக் குழம்பில் நன்றாக வளர்த்தார். பிறகு பாக்டீரியா நுழைய முடியாத அளவுக்கு நுண்ணிய வடிகட்டி வழியாக அந்தக் குழம்பை வடிகட்டினார். கீழே இறங்கிய நீரில் ஒரு கிருமிகூட இல்லை. அந்த வெறும் நீரை முயல் குடலின் கட்டிய துண்டுக்குள் விட்டார். துண்டு மறுபடி உப்பியது!

இதற்கு என்ன அர்த்தம் என்று கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். கிருமியே இல்லாமல் காலரா வந்துவிட்டது. கிருமி தேவையில்லை, அது கக்கிய நச்சு மட்டும் போதும். அப்படியென்றால் நச்சு இல்லாத கிருமியால் இந்த நோயை உண்டாக்க முடியாது என்றும் ஆகிறதே! 1959 மே 30 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் இது வந்தது. கிருமி என்பது வேறு, அதன் கெடுதல் என்பது வேறு என்று இரண்டையும் ஒரு வடிகட்டியால் பிரித்துக் காட்டினார் டே. பிற்காலத்தில் வந்த பல ஆராய்ச்சிகளுக்கு இதுதான் அஸ்திவாரம்.

அவருக்கு என்ன மரியாதை கிடைத்தது? 1973-ல் ஓய்வு பெற்றார். 1978-ல் ஸ்வீடனில் காலரா பற்றி நடந்த நோபல் கருத்தரங்குக்கு அவரை அழைத்தார்கள். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் இவருக்கும் பரிசு தர வேண்டும் என்று பரிந்துரைத்தார். பரிசு வரவில்லை. அதைவிட வருத்தம், நம் நாட்டின் அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராகக்கூடச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1985-ல் இறந்துபோனார். வெளிநாட்டுக்காரன் நம் ஆளைக் கவனிக்கவில்லை என்று கோபப்படுவதற்கு முன்னால் நாம் கவனித்தோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சரி, அந்த நச்சு குடலுக்குள் என்ன செய்கிறது? காலரா நச்சில் இரண்டு பாகம். ஐந்து துண்டுகள் வளையமாகச் சேர்ந்த ஒரு பாகம், குடல் செல்லின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு பாகம் செல்லுக்குள் நுழைந்து ஒரு 'சுவிட்ச்'சைப் போட்டுவிட்டு, அதை அணைக்க முடியாமலும் செய்துவிடும். மோட்டார் போட்டுவிட்டு சுவிட்சை உடைத்துவிட்ட மாதிரி! செல் தன்னிடம் உள்ள உப்பை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், உப்புக்குப் பின்னாலேயே தண்ணீரும் போகும். கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரைகூட உடம்பிலிருந்து தண்ணீர் போய்விடும். ஆள் சாவது இந்த வறட்சியால்தான்.

இதனால்தான் உப்பு-சர்க்கரைக் கரைசல் இவ்வளவு பெரிய மருந்தாக இருக்கிறது. 1971-ல் வங்கதேசப் போரின்போது பங்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இதை வாய்வழியாகக் கொடுத்தே, முப்பது சதவீதமாக இருந்த சாவை நான்கு சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். கவனியுங்கள், அந்தப் பாக்கெட்டும் எந்தக் கிருமியையும் கொல்வதில்லை. போகிற தண்ணீரைத் திரும்ப உள்ளே கொண்டுவருகிறது. கிருமியை உடம்பே சில நாளில் பார்த்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் நம் தமிழ்நாட்டுச் சம்பவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1992 அக்டோபரில் மெட்ராஸில் ஒரு புதிய காலரா கிளம்பியது. அதுவரை கொள்ளைநோயாகப் பரவியது எல்லாம் 'ஓ-1' என்ற வகைதான். இது 'ஓ-139'. மேலே போர்த்தியிருக்கிற சர்க்கரைப் போர்வை வேறு மாதிரி இருந்ததால், பழைய காலராவுக்குப் பழகிப்போன பெரியவர்களின் உடம்புக்கும் இதை அடையாளம் தெரியவில்லை. வங்காள விரிகுடாக் கரையோரமாகவே கல்கத்தா, வங்கதேசம் என்று பரவியது. ஆனால் அது கக்கிய நச்சு? அதே காலரா நச்சுதான். சட்டையை மாற்றியது, ஆயுதத்தை மாற்றவில்லை. ஆயுதத்தைக் குறிவைக்க வேண்டும் என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

அப்படிக் குறிவைத்த முயற்சி ஒன்று 2005-ல் வெளியானது. அமெரிக்காவில் ஹார்வர்டில் டெபோரா ஹங், ஜான் மெக்கலனோஸ் ஆகியோர் ஆயிரக்கணக்கான ரசாயனங்களைச் சலித்துப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பெயர் 'விர்ஸ்டாடின்'. காலராக் கிருமிக்குள் நச்சு தயாரிக்க உத்தரவு போடுகிற ஒரு புரதம் உண்டு. விர்ஸ்டாடின் அந்தப் புரதத்தின் வாயைக் கட்டிவிடுகிறது. கிருமி சாப்பிடும், வளரும், பிரியும், நச்சு மட்டும் தயாரிக்காது. குடலில் ஒட்டிக்கொள்ள உதவும் இழைகளும் அதே உத்தரவில்தான் வருவதால் அவையும் உருவாகாது. எலிக்குஞ்சுகளில் சோதித்தபோது கிருமி குடலில் தங்க முடியாமல் போனது.

இப்போது நீங்கள் நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம் வந்துவிட்டது. (நின்றுகொண்டு படிப்பவர்கள் நிமிர்ந்து நிற்கவும்.) 2010-ல் ஜப்பானில் ஒசாகாவில் யாமாசாகி குழுவினர் நம் அஞ்சறைப்பெட்டிச் சாமான்களையே எடுத்துச் சோதித்தார்கள். காய்ந்த மிளகாய், சோம்பு, வெள்ளை மிளகு மூன்றின் சாறும் காலராக் கிருமியின் நச்சுத் தயாரிப்பைக் குறைத்தன. மிளகாயில் அதைச் செய்வது எது என்று பிரித்துப் பார்த்தார்கள். கேப்சைசின்! மிளகாயைக் கடித்தால் சுள்ளென்று உறைக்கிறதே, அந்த உறைப்பேதான். கிருமியின் எண்ணிக்கை குறையவில்லை, அது கக்கும் நச்சுதான் குறைந்தது.

2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய் விளைகிற மாவட்டம் நம்முடையது. மிளகாய்க் காட்டில் பழம் பறித்துக் கையெரிச்சலோடு பள்ளிக்கு வந்தவர்கள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அந்த எரிச்சலுக்குக் காரணமான பொருள் கிருமியின் வாயையும் கட்டுகிறது என்பது எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஒன்று. இதைப் படித்துவிட்டு வயிற்றுப்போக்கு வந்தவருக்கு யாரும் மிளகாய்த் தூள் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள்! அது பரிசோதனைக் குழாயில் நடந்தது. ஏற்கெனவே புண்பட்ட வயிற்றுக்கு மிளகாய் கெடுதல்தான் செய்யும். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், உடனே ஆஸ்பத்திரி. இதில் மாற்றம் இல்லை.

"இவ்வளவு நல்ல யோசனைன்னா மெடிக்கல்ல ஏன் கிடைக்கல?" என்று நம் வேதியியல் ஆசிரியர் கேட்பார் என்று தெரியும். நியாயமான கேள்விதான்.

நச்சை மறிக்கிற மருந்து சில வந்திருக்கின்றன. ஆந்த்ராக்ஸ் நச்சைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் ஒன்றுக்கு அமெரிக்காவில் 2012-லும் இன்னொன்றுக்கு 2016-லும் அனுமதி கிடைத்தது. ஆஸ்பத்திரியில் ஆன்டிபயாடிக் அதிகம் எடுத்தவர்களைப் பிடிக்கும் 'கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில்' என்ற குடல் கிருமியின் நச்சுக்கும் 2016-ல் 'பெஸ்லோடாக்ஸுமாப்' என்ற மருந்து வந்தது. நோய் திரும்பி வருவதை அது குறைத்தது. ஆனால் தயாரித்த நிறுவனம் 2025 ஜனவரியோடு அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. மருந்து உடம்பில் வேலை செய்தால் மட்டும் போதாது, கடையிலும் ஓட வேண்டியிருக்கிறது.

அது தவிர இந்த வழிக்கு உள்ள கஷ்டங்கள் உண்மையானவை. நச்சு ஏற்கெனவே செல்லுக்குள் போய்விட்டால், அப்புறம் ஆயுதத்தைப் பிடுங்கி என்ன பயன்? சீக்கிரம் கொடுக்க வேண்டும். சீக்கிரம் கொடுக்க வேண்டுமானால் எந்தக் கிருமி என்று சீக்கிரம் தெரிய வேண்டும். ஒவ்வொரு கிருமிக்கும் ஆயுதம் வேறு, எனவே மருந்தும் வேறு. ஆன்டிபயாடிக் மாதிரி "எதுவாக இருந்தாலும் இதைப் போடு" என்று கொடுக்க முடியாது. பல் போன பாம்பை விரட்டுவதற்கு நம் உடம்பில் தெம்பும் வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். இந்த மருந்துக்கு எதிர்ப்பே வராது என்றும் யாரும் சத்தியம் செய்ய முடியாது. விர்ஸ்டாடினுக்கு அடங்காத காலராக் கிருமியை ஹார்வர்டு குழுவே ஆய்வகத்தில் பார்த்துவிட்டது. ஆனால் கொல்லாத மருந்தாக இருப்பதால் அப்படிப்பட்ட கிருமிக்குக் கிடைக்கும் லாபம் குறைவாக இருக்கும், எதிர்ப்பு மெதுவாகத்தான் பரவும் என்பது எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்பு என்றுதான் சொல்கிறேன், முடிவு என்று சொல்லவில்லை.

எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறு ஒரு கஷ்டம். கொல்லாத மருந்து வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆன்டிபயாடிக்குக்குச் சோதனை சுலபம். அகர் தட்டில் கிருமியைப் பரப்பி, நடுவில் மருந்து நனைத்த சிறு காகித வில்லையை வைப்பார்கள். மருந்து கொன்றால் வில்லையைச் சுற்றிக் கிருமி இல்லாத வட்டம் தெளிவாகத் தெரியும். வட்டம் இல்லையா, தூக்கிப் போடு! எத்தனையோ வருஷமாக இப்படித்தான் மருந்து தேடினார்கள். பல்லை மட்டும் பிடுங்குகிற எத்தனை பொருள்கள் வட்டம் போடவில்லை என்பதற்காகக் குப்பைக்குப் போயிருக்கும்!

இதற்கு ஒரு அழகான சோதனை உண்டு. அது புரிய வேண்டுமானால் கிருமிகள் பேசிக்கொள்ளும் என்பது தெரிய வேண்டும். நம் பக்கத்துக் கிராமங்களில் கிராம சபை கூடும்போது 'கோரம்' இருக்கிறதா என்று பார்ப்பார்களே, குறைந்தபட்சம் இத்தனை பேர் வந்தால்தான் தீர்மானம் செல்லும். பாக்டீரியாக்களிலும் அப்படி உண்டு. ஒவ்வொன்றும் ஒரு சமிக்ஞைப் பொருளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அது சேர்ந்து சேர்ந்து ஒரு அளவைத் தாண்டினால், "நாம இப்ப நிறையப் பேரு இருக்கோம்" என்று எல்லாவற்றுக்கும் தெரிந்துவிடும். உடனே ஒரே நேரத்தில் நச்சைக் கக்கும், பாசி மாதிரி ஒட்டிக்கொண்டு படலம் கட்டும். ஆள் சேரும்வரை அடக்கி வாசிக்கும்! 1970-ல் கடலில் ஒளிவிடும் பாக்டீரியாக்களில் அமெரிக்க விஞ்ஞானிகள் இதை முதலில் தெளிவாகப் பார்த்தார்கள்.

வெப்ப நாட்டு மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் 'குரோமோபாக்டீரியம் வயலேசியம்' என்ற பாக்டீரியா கோரம் சேர்ந்ததும் ஊதா நிறம் தயாரிக்கும். அதைத் தட்டில் வளர்த்தால் தட்டே நாவல்பழச் சாறு கொட்டிய மாதிரி இருக்கும். அதில் சோதிக்க வேண்டிய பொருளை வைக்கிறார்கள். கொன்றுவிட்டால் கண்ணாடி போலத் தெளிவான வட்டம். கொல்லாமல் பேச்சை மட்டும் வெட்டிவிட்டால், கிருமி வளர்ந்திருக்கும், ஆனால் நிறம் இருக்காது. மங்கலான வெள்ளை வட்டம்! எல்லாம் உயிரோடு இருக்கிறது, ஆனால் ஒன்றுக்கும் செய்தி போய்ச் சேரவில்லை.

இந்த மாதிரி ஆராய்ச்சி நடந்த இடங்களில் ஒன்று நமக்கு ரொம்பப் பக்கம். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறையில் பேராசிரியர் கருத்தபாண்டியன் குழுவினர் 2010-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பாக் விரிகுடாவில் கிடைத்த 'பேசில்லஸ் பூமிலஸ்' என்ற பாக்டீரியா மற்றக் கிருமிகளின் இந்தப் பேச்சைக் குலைக்கிறது என்பதுதான் அது. பாக் விரிகுடா என்றால் வேறு எதுவோ இல்லை. தொண்டி, தேவிபட்டினம் பக்கம் அலையில்லாமல் குளம் மாதிரி கிடக்கிறதே, அந்தக் கடல்தான். தீப்புண்ணிலும் ஆஸ்பத்திரிப் புண்ணிலும் புகுந்து தொல்லை கொடுக்கும் சூடோமோனாஸ் ஏருஜினோசாவை இதைக் கொண்டு சோதித்தார்கள். திசுவைக் கரைக்கும் நொதிகள் குறைந்தன, நிறமி குறைந்தது, படலம் கட்டுவதும் குறைந்தது. செர்ரேஷியா என்ற இன்னொரு கிருமியின் சிவப்பு நிறமும் மங்கியது. அதே பல்கலைக்கழகத்திலிருந்து சீரகத்தில் உள்ள ஒரு பொருள் பற்றி 2012-லும், சிறுநீர்ப் பாதைக் கிருமிகள் கட்டும் படலத்தை மஞ்சளின் குர்குமின் தடுப்பது பற்றி 2014-லும் ஆய்வுகள் வந்தன. கடலில் ஒரு பாக்டீரியா இன்னொன்றை அடக்கி வைப்பது அதற்குப் பிழைப்பு. நாம் அதை இப்போதுதான் ஒட்டுக் கேட்கிறோம்.

இவை எல்லாம் ஆய்வகத் தட்டிலும் குழாயிலும் கண்டவை. மருந்தாக வேண்டுமானால் எந்தப் பொருள் அதைச் செய்கிறது என்று பிரித்தெடுத்து, மிருகத்தில் பார்த்து, பிறகு மனிதர்களில் மூன்று கட்டமாகப் பார்க்க வேண்டும். அதற்கு வருஷக்கணக்கில் ஆகும்.

கீழே இரண்டு தட்டுகளைக் கலர் பென்சிலால் வரைந்திருக்கிறேன். இடது பக்கம் ஆன்டிபயாடிக் வைத்த தட்டு, ஊதாவின் நடுவில் தெளிவான வட்டம். வலது பக்கம் பேச்சை வெட்டும் பொருள் வைத்த தட்டு, ஊதாவின் நடுவில் வெள்ளை வட்டம். வெள்ளையில் புள்ளி புள்ளியாக இருப்பது மை சிந்தியது அல்ல. அத்தனையும் உயிரோடு இருக்கிற கிருமிகள்.

— பதினொன்றாம் வகுப்பு, அறிவியல் பிரிவு